எந்தத் தேதி பொய்?

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை.
ஓட்டலின் மாடியில்
மாவட்டத்துத் திட்ட மேலாளர்கள் நாற்பத்தொரு பேர்.
ஆளுக்கு முப்பது நொடி அறிமுகம்.
பதினேழு நொடியில் முடித்துவிட்டேன்:
பெயர் சசிரேகா,
காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை,
புதுப் பிரிவு, ஜூன் முதல் வாரம் ஓட்டம்.
மிச்சப் பதின்மூன்று நொடியை
மேசைமேல் சில்லறைபோல் விட்டுவிட்டு
உட்கார்ந்தேன்.

அட்டைகள் சீட்டாட்டத்தில்போல் கைமாறின.
ஓசூர் உதிரிபாகம், சூளகிரி குளிர்கிடங்கு,
யாரோ ஒருவரின் சோலார்.
பளபளத்த ஓர் அட்டையில்
சான்றிதழ் எழுத்துகள் பெயரைவிட நீளம்.
"தொடர்பில் இருப்போம்" என்றார் அந்த சீனிவாசுலு,
என் தோளுக்கு மேலாக
அடுத்தவரைப் பார்த்தபடி.

கைகழுவும் இடத்தில் வரிசை.
முன்னால் நின்றவர் திரும்பிக் கேட்டார்:
"உங்க அட்டவணையில எந்தத் தேதி பொய்?"

முதலாளி கேட்டதில்லை.
தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்டதில்லை.
நான் என்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை.
ஆனால் பதில்
நாக்கு நுனியில் தயாராக இருந்தது.
"மின்மாற்றி. ஏப்ரல் பத்துன்னு போட்டிருக்கேன்.
ஜூலைக்கு முன்ன வராது."
"எனக்குக் கூரை. மார்ச்னு சொல்லியிருக்கேன்.
தகடு இன்னும் துறைமுகத்துல தூங்குது."
திறந்த குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
பின்னாலிருந்து யாரோ கை நீட்டி மூடினார்கள்.

அவர் திம்மராயன். பர்கூரில்
ஆயத்த ஆடை ஆலை கட்டுகிறார்.
என் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
அவருடையது தீர்ந்துவிட்டதாம்;
சுங்கச்சாவடி ரசீதின் முதுகில்
பேனாவை அழுத்தி எண்ணை எழுதித் தந்தார்.

மாதங்கள் போயின.
ரசீதின் முன்பக்கம் தொகை வெளிறிற்று,
நேரம், வண்டி எண், எல்லாம் வெளிறிற்று.
பின்பக்கம் பத்து இலக்கங்கள்
விரலால் தடவினால் தட்டுப்படும்.
அழைக்கக் காரணம் வேண்டும் என்று
அழைக்காமலே இருந்தேன்.

மே வந்தது.
மாங்காய்க்கு மைல்கல் தெரியாது.
அல்போன்சா முடிந்து
பெங்களூரா காய்த்துத் தொங்கும் தோப்புகளை
தினமும் காரில் கடக்கையில்
கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன்.

போன் அவரிடமிருந்து வந்தது.
"எங்க வேலை நின்னுபோச்சு மேடம்.
ஆர்டர் தர்றதா சொன்ன கம்பெனி கைவிரிச்சுட்டான்.
ஐந்நூறு கேவிஏ ஒண்ணு
கட்டுப் பிரிக்காம நிக்குது, வித்துடச் சொல்றாங்க.
உங்க பொய் ஞாபகம் வந்துச்சு."

லாரியோடு கூடவே வந்தார்.
கிரேன் இறக்கும்வரை வெயிலில் நின்றார்.
ரசீதில் என் கையெழுத்தை வாங்கி மடித்து,
"இந்தக் கம்பெனிக்கு இதுதான் என் கடைசிச் சலான்"
என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பை எங்கே இறக்கிவைப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு ரப்பர்பேண்டைக் கழற்றி
அட்டைகளைக் கட்டிலில் பரப்பினேன்.
ஒவ்வொருவருக்கும் எழுதினேன்:
தன் அட்டவணையில் எந்தத் தேதி பொய் என்று
தானே முதலில் சொல்லிவிடுகிற ஆள்,
வேலை தேடுகிறார்.
இது சிபாரிசா, கோள்மூட்டலா?
அழித்தேன். திரும்ப அதையேதான் எழுதினேன்.

மூன்று பேர் பதில் போட்டார்கள்.
ஒருவர் வாழ்த்துச் சொன்னார், எதற்கென்று தெரியவில்லை.
ஒருவர் தனக்கே வேலை இல்லை என்றார்.
மூன்றாவது, சீனிவாசுலு:
"வரச் சொல்லுங்க. அப்படி ஓர் ஆள்
எங்ககிட்ட ஒருத்தர்கூட இல்ல."

திங்கட்கிழமை போவதாகச் சொன்னார்.
இன்று புதன்.
புதுப் பிரிவில் முதல் கொப்பரை கொதித்து,
பைல்களில்கூட மாம்பழ வாசனை.
போன் குப்புறக் கிடக்கிறது.
அடுத்த கட்ட அட்டவணையில்
செப்டம்பர் இருபத்தொன்றைச் சுற்றி
சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.
முதலாளி இன்னும்
அது என்னவென்று கேட்கவில்லை.